விரால் ஏன் தண்ணீரில் மூழ்கிச் சாகும்?

கேள்வி கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போயிருக்கிறார். ஒரு கூடையில் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்து கிடக்க, பக்கத்து அலுமினியச் சட்டியில் நாலு விரல் தண்ணீரில் விரால் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பையன் மூன்று கேள்வி கேட்டானாம். காற்றில்தான் ஆக்சிஜன் நிறைய இருக்கிறதே, அப்புறம் ஏன் மீன் கரையில் மூச்சு முட்டிச் சாகிறது? மீனுக்கு இரண்டறை இதயம், தவளைக்கு மூன்று, நமக்கு நான்கு என்றால் நம்முடையதுதான் ஒசத்தியா? அம்மா வயிற்றுக்குள் தண்ணீரில் இருக்கும் பாப்பா எப்படி மூச்சு விடுகிறது, அதற்குச் செவுள் உண்டா? மூன்றும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். என் கணக்கில் ஒரே கேள்விதான்: மூச்சு வாங்கும் இடத்துக்கு ரத்தத்தை எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது? அறைகளை எண்ணுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கால்நடை மருத்துவம் பார்த்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாடு, ஆடு, கோழி கைப்பழக்கம். தவளையையும் மீனையும் கல்லூரியில் அறுத்துப் பார்த்ததோடு சரி. முதலையை அறுத்ததே இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. அதில் ஆய்வாளர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பையன் சொன்ன கணக்கு சரிதான். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீர், நன்றாகக் காற்றுப் பட்டதாகவே இருந்தாலும், 5 முதல் 6 மில்லிதான் கரைத்து வைத்திருக்கும். அதோடு அந்த ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் காற்றோ ஒன்றேகால் கிராம்கூடத் தேறாது. ஆக, மீன் அற்பச் சம்பளத்துக்கு மலை சுமக்கிற தொழிலாளி. நாம் காற்றை உள்ளே இழுத்து, வந்த வழியிலேயே வெளியே தள்ளுகிறோம். அத்தனை கனமான தண்ணீரை அப்படி நிறுத்தித் திருப்பித் தள்ளுவது கட்டுப்படியாகாது. அதனால் மீன் வாயால் வாங்கிச் செவுள் வழியே விட்டுவிடுகிறது. ஒரே திசை, திரும்புதல் இல்லை. அந்தச் செவுள் தகடுகளுக்குள் ரத்தம் தண்ணீருக்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் கொஞ்ச தூரத்தில் இரண்டிலும் ஆக்சிஜன் சமமாகிவிடும், அதற்குமேல் ஒன்றும் ஏறாது. எதிரும் புதிருமாக ஓடும்போது, ஓரளவு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அதைவிட அதிகம் உள்ள புதுத் தண்ணீரைத் தொடர்ந்து சந்தித்துக்கொண்டே போகும். இந்த ஏற்பாட்டில் மீன் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோகூட உறிஞ்சிவிட முடியும். நாம் உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவீதம், வெளியே விடுவதில் 16 சதவீதம். கிடைத்ததில் கால் பங்குதான் எடுக்கிறோம். மீதியை வீணடிக்கிற வசதி நமக்கு இருக்கிறது.

அப்படிப்பட்ட செவுள் ஏன் காற்றில் தோற்கிறது? மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டும்போது உற்றுப் பாருங்கள். சிவப்புச் சீப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக உண்டு. தண்ணீருக்குள் அவை மிதந்து விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நனைந்த தலைமுடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு சுருங்கிப் போகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் கொட்டிக் கிடந்தாலும் வாங்க முகம் இல்லை. பின்பு உலரவும் தொடங்குகிறது. இன்னொன்றைப் பலரும் சொல்ல மறந்துவிடுவார்கள்: கரியமில வாயு தண்ணீரில் மிக எளிதாகக் கரைந்து போய்விடும் என்பதால் மீனுக்கு அதை வெளியேற்றுவது தண்ணீருக்குள் ஒரு வேலையே இல்லை. செவுள் ஒட்டிக்கொண்டதும் அதுவும் உள்ளே தேங்குகிறது. சாவுக்கு இரண்டும் சேர்ந்து காரணம்.

இனி விரால். அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை அடைத்து வைக்க ஒரு அறை இருக்கிறது. உள்சுவர் முழுக்க ரத்த நுண்குழாய்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு போகும். குளத்தில் ‘குளுக்’ என்று கேட்கிற சத்தம் பல நேரம் இதுதான். தேளிக்கு இதே வேலைக்கு முதுகெலும்பை ஒட்டிப் பின்னோக்கி நீளும் இரண்டு பைகள். பனையேறிக் கெண்டைக்குத் தலைக்குள் மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள். இந்தப் பனையேறிக்கு ஒரு பழைய கதை உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப், 1791-ல் குளக்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இந்த மீனைக் கண்டு பிடித்ததாக எழுதினார். அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வெளியாயிற்று. மீன் செவுள் மூடியை ஊன்றித் தரையில் நகரும் என்பதில் சந்தேகமே இல்லை, மழைநாளில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். மரம் ஏறுமா என்பதுதான் வழக்கு. காக்காயோ பருந்தோ தூக்கிப் போனதை மரத்தில் விட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. பெயர் வைத்த நம் ஆட்களிடம் யாராவது அப்போதே விவரமாகக் கேட்டு எழுதி வைத்திருக்கலாம்.

வளர்ந்த விராலுக்குக் காற்று வசதி மட்டுமல்ல, கட்டாயம். மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால், நல்ல தண்ணீரிலேயே அது மூச்சு முட்டிச் சாகும். தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்! இதற்குக் காரணம் அதன் செவுள் சிறுத்துப் போனது. அது ஏன் சிறுக்க வேண்டும் என்று கேட்டால்தான் இரண்டாவது கேள்விக்குள், அதாவது இதயத்துக்குள், போக முடியும்.

மீனின் இதயம் ஒரே வரிசையில் வேலை செய்யும். உடலிலிருந்து வரும் கெட்ட ரத்தம், அதாவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், இதயத்துக்குள் புகுந்து, நேரே செவுளுக்குப் போய், அங்கிருந்து திரும்ப இதயத்துக்கு வராமல் அப்படியே உடலுக்குப் போய்விடும். பாடப்புத்தகம் இரண்டறை என்கிறது. உண்மையில் மேலறைக்கு முன்னால் ஒரு பை, கீழறைக்குப் பின்னால் ஒரு குமிழ் என்று வரிசையாக நான்கு பகுதிகள் அங்கேயும் உண்டு. எண்ணிக்கை நம்மை ஏமாற்றும் என்று நான் சொல்வது இதற்குத்தான். இந்த ஒற்றைச் சுற்றில் ஒரு சிக்கல்: செவுளின் நுண்குழாய்களுக்குள் நெருக்கி நுழைந்து வெளியே வருவதற்குள் ரத்தம் தன் அழுத்தத்தில் கணிசமான பகுதியை இழந்துவிடும். மிச்ச அழுத்தத்தில்தான் உடல் முழுக்கப் போயாக வேண்டும்.

விரால் காற்று குடிக்கத் தொடங்கியதும் இரண்டாவது சிக்கல் வந்தது. தலையிலுள்ள அறையில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் சிரை வழியாக இதயத்துக்கே திரும்புகிறது. அங்கே உடலிலிருந்து வந்த கெட்ட ரத்தத்தோடு கலந்து, மறுபடி செவுள் வழியாகத்தான் உடலுக்குப் போக வேண்டும். குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லையென்றால் என்னாகும்? கஷ்டப்பட்டு மேலே போய்க் குடித்த காற்று, செவுள் வழியாகத் தண்ணீருக்கே கசிந்து போகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது மாதிரி. செவுளைச் சுருக்கிக்கொண்டது இந்த இழப்பைக் குறைக்க என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சரியான தீர்வு வேறு: மூச்சு உறுப்புக்குத் தனிச் சுற்று, உடலுக்குத் தனிச் சுற்று. நுரையீரல் உள்ள விலங்குகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு அளவில் அந்த வழிக்குத்தான் போயிருக்கின்றன.

தனிச் சுற்றின் அருமை அழுத்தத்தில் இருக்கிறது. நம் நுரையீரலில் சுமார் முப்பது கோடி நுண்ணறைகள். விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சவ்வு ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவு மெல்லிசாக இருந்தால்தான் ஆக்சிஜன் தாவும். அதன் வழியாக, கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோமே, அந்த 120 அழுத்தத்தில் ரத்தத்தை அடித்தால் நீர் கசிந்து நுரையீரல் நிரம்பிவிடும். அதனால் வலப்பக்க இதயம் நுரையீரலுக்கு 25 அளவில்தான் தள்ளுகிறது. இடப்பக்கம் தலைக்கும் காலுக்கும் 120-ல் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் செல்லும் ரத்தமோ இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஓய்வில் சுமார் 5 லிட்டர். அளவு ஒன்று, அழுத்தம் வேறு. கறிக்கடையில் ஒரு முழு ஆட்டு இதயம் வாங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இடப்பக்கச் சுவர் கட்டை விரல்போல் விறைப்பாக வட்டமாக நிற்கும். வலப்பக்கச் சுவர் அதில் மூன்றில் ஒரு பங்கு கனத்தில், துணிபோல் மடங்கி அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில் நான்கு சமக் கட்டங்களாக வரைந்து படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

அப்படியானால் ஒரே கீழறையை வைத்திருக்கும் தவளை ஏமாளியா? இல்லை. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. அதன் நுரையீரலுக்குப் போகும் குழாயிலிருந்தே ஒரு கிளை தோலுக்கும் போகிறது. தோலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நம்மைப்போல் இடப்பக்கத்துக்கு வராமல், உடலின் கெட்ட ரத்தத்தோடு சேர்ந்து வலப்பக்கத்துக்கு வருகிறது. குளத்தின் அடியில் மணிக்கணக்கில் கிடக்கும் தவளைக்கு நல்ல ரத்தம் வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். நடுவே முழுச் சுவர் இருந்திருந்தால் அந்த ஆக்சிஜன் நுரையீரலுக்கும் தோலுக்குமே சுற்றிச் சுற்றி வந்திருக்கும். சுவர் இல்லாதது அதற்கு லாபம். இன்னொரு பக்கம், அந்த ஒற்றை அறைக்குள் எல்லாம் கலந்து குழம்பாகிவிடுகிறது என்பதும் முழு உண்மை இல்லை. உள்ளே சதை மடிப்புகளும், வெளியேறும் குழாயில் ஒரு சுருள் வால்வும் இருந்து இரண்டு ஓட்டங்களையும் ஓரளவு பிரித்தே வைக்கின்றன. எவ்வளவு பிரிகிறது என்பது தவளையின் இனத்தையும் அது அந்த நேரம் கரையில் இருக்கிறதா நீரில் இருக்கிறதா என்பதையும் பொறுத்து மாறும்.

ஆமைக்கும் பாம்புக்கும் பல்லிக்கும் பாதிச் சுவர். ஆமை மூழ்கியிருக்கும்போது, புதுக் காற்று வராத நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? அதைக் குறைத்து உடல் பக்கம் திருப்பிவிடும். நம்மால் அது முடியாது. நம் ரத்தம் முழுதும் ஒவ்வொரு சுற்றும் நுரையீரலைத் தொட்டாக வேண்டும். முதலை இன்னும் விசித்திரம். அதற்கு நம்மைப்போல் முழு நான்கு அறை. ஆனால் வலக் கீழறையிலிருந்தும் உடலுக்கு ஒரு பெருங்குழாய் புறப்படுகிறது. இரண்டு பெருங்குழாய்களுக்கும் இடையில் ஒரு சின்னத் துளை வேறு. 1833-ல் பனிஸா என்ற இத்தாலியர் விவரித்ததால் அவர் பெயரால்தான் அந்தத் துளை வழங்குகிறது. அமைப்பில் யாருக்கும் சந்தேகமில்லை. எதற்காக என்பதில்தான் பஞ்சாயத்து. மூழ்கியிருப்பதற்காக என்று ஒரு சாரார். பெரிய இரை தின்றபின் கரியமில வாயு மிகுந்த ரத்தத்தை வயிற்றுக்கு அனுப்பி அமிலம் சுரக்க என்று இன்னொரு சாரார். இரண்டாவது பக்கம் சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

பாலூட்டிக்கும் பறவைக்கும் முழுச் சுவர் எதற்கு? உடம்பைச் சூடாகவே வைத்திருப்பதற்கான செலவு. அதே எடையுள்ள பல்லியைவிட எலிக்குச் சும்மா இருக்கும்போதே ஐந்து முதல் பத்து மடங்கு ஆக்சிஜன் வேண்டும். கலப்படத்துக்கு இடமில்லை, அழுத்தம் குறையவும் கூடாது. பறவையும் பாலூட்டியும் இந்தச் சுவரைத் தனித்தனியாகக் கட்டிக்கொண்டன. இது உறுதி. ஒன்றிடமிருந்து மற்றொன்று பெறவில்லை.

மூச்சு விஷயத்தில் பறவை நம்மைத் தாண்டிவிட்டது. வீட்டில் முழுக்கோழி சுத்தம் செய்திருந்தால், முதுகெலும்போரம் விலா எலும்புகளுக்கு இடையில் விரலால் நோண்டி எடுக்க வேண்டிய இளஞ்சிவப்புப் பஞ்சு ஒன்று இருக்குமே, அதுதான் நுரையீரல். எடுத்துப் பார்த்தால் அதில் விலா எலும்புகளின் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அது நம்முடையதுபோல் விரிந்து சுருங்காது, அசையாமல் கிடக்கும். காற்றை அடிக்கும் துருத்திகள் வேறே இருக்கின்றன: மெல்லிய காற்றுப் பைகள், பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. உள்ளே இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பைகளுக்குப் போகும். மூச்சை விடும்போது அது நுரையீரலுக்குள் நுழையும். அடுத்த இழுப்பில் முன்பைகளுக்கு. அடுத்த விடுப்பில்தான் வெளியே. ஒரு மடக்குக் காற்று முழுதாகப் போய்வர இரண்டு மூச்சு. பலன், நுரையீரலுக்குள் காற்று எப்போதும் ஒரே திசையில், புதிதாகவே ஓடும். கிட்டத்தட்ட மீனின் தந்திரம், காற்றில். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைக் கடக்கையில் 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதாகக் கருவி கட்டிப் பதிவாகியிருக்கிறது. அதற்கு இந்த நுரையீரலும், ஆக்சிஜனை இறுகப் பற்றும் அதன் ஹீமோகுளோபினும் துணை.

கோழிக்கு உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே அசைந்து மூச்சு வாங்க உதவும் தசைத் திரை, கிடையாது. மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் பைகள் விரியும். பிள்ளைகள் ஆசையாகக் கோழிக்குஞ்சை மார்போடு இறுக்கிப் பிடித்து, கழுத்தைத் தொடவே இல்லையே, எப்படிச் செத்தது என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். மூக்கு திறந்திருந்தும் மார்பு அசையாததால் சாவு. உங்கள் பையனிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். விரியாத நுரையீரலுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லருக்கு ஆக்சிஜன் தேவை எகிறும். நுரையீரல் நுண்குழாய்களோ இளகிக் கொடுக்காது. வலப்பக்க இதயம் முக்கி முக்கி அடித்து, வீங்கி, கடைசியில் தளர்ந்துவிடும். ஈரலிலிருந்து நீர் கசிந்து வயிறு குடமாகும். பண்ணைக்காரர்கள் ‘தண்ணி வயிறு’ என்பார்கள். குளிர் மாதங்களில் கூடும். நோய் நுரையீரலில் தொடங்கி இதயத்தில் முடிந்து வயிற்றில் தெரியும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாலூட்டியின் துருத்தி உதரவிதானம். அது எவ்வளவு முக்கியம் என்று மாட்டு வயிறு உப்புசத்தில் தெரியும். ஈரமான இளம் தழையை ஏகத்துக்கும் தின்ற மாட்டின் முதல் வயிற்றில் வாயு தேங்கி இடது விலாப்பக்கம் மத்தளமாக எழும்பும். அந்த வயிறு உதரவிதானத்தை முன்னால் நெருக்க, மாடு நாக்கைத் தள்ளி மூச்சுக்குத் தவிக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் தடைபடும். நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது. இடப்பக்கப் பள்ளையில் ட்ரோக்கார் என்ற கூர்முனைக் குழாயைக் குத்தி வாயு சீறி வெளியேறிய இரண்டாம் நிமிடம் மாடு நிதானமாக மூச்சு விடும்.

கடைசிக் கேள்வி, வயிற்றுக்குள் பாப்பா. செவுள் கிடையாது. கரு வளரும் தொடக்கத்தில் கழுத்தருகே சில மேடுகளும் மடிப்புகளும் தோன்றும். மீனில் செவுளாவதும் அப்படிப்பட்ட மேடுகள்தான். நம்மில் அவை தாடை, காது எலும்பு, தொண்டைப் பகுதிகளாக மாறிவிடும், ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. நஞ்சுக்கொடிதான் அங்கே நுரையீரல். தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலக்காமல், இடையிலுள்ள சவ்வு வழியே ஆக்சிஜன் கைமாறும். சேயின் சொந்த நுரையீரல் நீர் நிரம்பிச் சும்மா இருப்பதால் அதற்கு முழு ரத்தமும் தேவையில்லை. அதனால் இரண்டு குறுக்கு வழிகள்: மேலறைகளுக்கு நடுவே ஒரு துளை; நுரையீரல் குழாயிலிருந்து நேரே பெருந்தமனிக்கு ஒரு பாலம். ஆமை மூழ்கும்போது செய்வதை நாமும் பிறக்கும்வரை வேறு வழியில் செய்கிறோம்.

கன்று விழும் நேரம் இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை விரலால் வழித்துவிட்டு, வைக்கோலால் முதுகைத் தேய்த்து, ஒரு வைக்கோல் தாளை மூக்குக்குள் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுவோம். நீல நாக்கோடு தொங்கிக் கிடக்கும் கன்று ஒரு தும்மல் போட்டு இழுக்கும். அந்த இழுப்பில் நுரையீரல் விரிந்து, அதன் குழாய்களில் இருந்த தடை சட்டென்று குறைகிறது. ரத்தம் அங்கே பாய்ந்து இட மேலறைக்குத் திரும்ப, அந்தப் பக்க அழுத்தம் ஏறித் துளையின் மடல் கதவுபோல் சாத்திக்கொள்கிறது. சில நிமிடத்தில் நாக்கு இளஞ்சிவப்பாகும். பாலம் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பட்டதும் சுருங்கத் தொடங்கி, சில நாட்களில் அடைபடும். மனிதர்களில் நாலு பேரில் ஒருவருக்கு அந்த மேலறை மடல் முழுதாக ஒட்டாமலே இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவில்லை. பாலம் திறந்தே இருந்துவிட்டால் அது வேறு கதை, குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

ஆட்டு இதயம் வாங்கும்போது மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்கிவிடாமல் கொஞ்சம் நீளமாக விடச் சொல்லுங்கள். இரண்டு பெரிய குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று உடலுக்கு. கொழுப்பை வழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டியதுபோல் ஒரு வெள்ளை நார் தெரியும். குட்டியாகத் தாய் வயிற்றில் கிடந்தபோது ரத்தம் ஓடிய பாலம் அது.